ஐந்தாவது விடை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் பாப்பாவும் நலமா என்பதை அம்மா வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் உன் போன் எடுக்கமாட்டேன் என்கிறது. கடைசியில் அம்மாதான், "அவளுக்குப் போனெல்லாம் வேணாமாம், லெட்டர் போடுடா" என்றாள். இந்தக் காலத்தில் தபால்தலை கேட்டுப் போன ஒரே மாணவன் நானாகத்தான் இருப்பேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதுகலையில் கணிதத் தர்க்கம் எடுத்திருக்கிறேன். விடுதியில் எனக்குக் கிடைத்த அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். கைச்செலவுக்காக முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள் திருத்துகிறேன். நான் படிப்பதை உனக்கும் அனுப்பச் சொன்னாயாமே. கணிதத்தில் என்னைவிட உனக்குத்தான் மூளை. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போனாய், நான் பிழைத்தேன்.

முதல் அத்தியாயத்தின் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். சாரம் இதுதான்: ஒரு வாதம் செல்லுமா செல்லாதா என்பதை அதன் வடிவம் மட்டுமே முடிவு செய்யும். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்பது நமக்கு வேண்டாம். எங்கள் பேராசிரியர் சொல்வார், "பாத்திரத்தப் பாருங்க. உள்ள இருக்கறது பாலா மோரான்னு கேக்காதீங்க." புரிந்ததா என்று பார்க்க, வீட்டு விஷயத்தை வைத்தே ஒரு வாதம் எழுதி அனுப்பு. சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.
உன் தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அலமாரிக்குள் இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வை.

அத்தான் அச்சகத்தில் தலைமைப் பிழைதிருத்துநர் ஆகிவிட்டார். பள்ளிப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் காலம் என்பதால் வேலை அதிகம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கால்புள்ளி வெளியே போகாது. என் கடிதங்களையும் அவரே படித்துத் திருத்துகிறார். நான் அதை நல்ல தாளில் மறுபடி எழுதிக் கொடுத்த பிறகு தபாலில் சேர்க்கிறார். உன் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். மூன்று பிழை இருந்ததாம். வீட்டில் இருப்பவளுக்குப் போன் எதற்கு என்பது அவர் கருத்து. எனக்கும் அது பழகிவிட்டது.

பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. பகலில் பாப்பா தூங்கும்போது உட்கார்ந்து படிக்கிறேன். கணக்குதானே என்று அத்தானும் தடை சொல்லவில்லை. நீ கேட்ட வாதம் இதோ:

பால் பொங்கி வழிந்தால் வீட்டுக்காரர் பேசமாட்டார். வீட்டுக்காரர் பேசவில்லை. ஆகவே பால் பொங்கி வழிந்திருக்கிறது.

இது சரியா என்று எழுது. அவசரம் இல்லை. ஆனால் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் சளி மட்டும். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? பதவி உயர்வுக்கு அத்தானிடம் என் வாழ்த்துகளைச் சொல். இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். மூன்று பிழை என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

உன் வாதம் செல்லாது. முட்டை. பால் பொங்கினால் வீட்டுக்காரர் பேசமாட்டார், சரி. ஆனால் அவர் பேசாமல் இருப்பதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். பல்வலியாக இருக்கலாம். வாயில் வெற்றிலை இருக்கலாம். விளைவைப் பார்த்துவிட்டுக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெட்கப்படாதே, இங்கே பாதி வகுப்பு இதே பள்ளத்தில்தான் விழுகிறது.

அடுத்த பாடம், 'ஒவ்வொரு', 'ஏதோ ஒரு' என்ற சொற்களின் வரிசை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு என்பது வேறு, ஒரே தாய் எல்லோருக்கும் உண்டு என்பது வேறு. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 'என் அறையில் உள்ள யானைகள் எல்லாம் பச்சை நிறம்' என்றால் அது உண்மை. அறையில் யானையே இல்லாததால் பொய்யாக வழியில்லை. இவை இரண்டுக்கும் எடுத்துக்காட்டு அனுப்பு. இரண்டு கூற்றுகளைச் சங்கிலி போலக் கோத்தும் ஒன்று எழுது.

பாப்பா இப்போது என்னென்ன பேசுகிறாள்? எழுது.
தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

உன் சளி போய்விட்டதா? வெந்நீர் குடி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பேசாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்று நீ எழுதியது சரிதான். உட்கார்ந்து யோசித்தேன். சட்டைப் பொத்தானாக இருக்கலாம். கதவுச் சத்தமாக இருக்கலாம். நான் ஜன்னலோரம் நின்றதாக இருக்கலாம். கேள்வி கேட்டதாக இருக்கலாம், கேட்காததாகவும் இருக்கலாம். விளைவிலிருந்து பின்னோக்கிப் போய் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பது இப்போதுதான் புரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் அதைத்தான் செய்ய முயன்றுகொண்டிருந்தேன்.

எடுத்துக்காட்டுகள்:

வீட்டின் ஒவ்வொரு கதவின் சாவியும் யாராவது ஒருவரிடம் இருக்கிறது. யாரோ ஒருவரிடம் வீட்டின் எல்லாக் கதவுகளின் சாவியும் இருக்கிறது. முதலாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டாவதே உண்மை.

குழந்தை சத்தம் போட்டால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் குழந்தை இருட்டறையில் இருக்கும். ஆகவே குழந்தை சத்தம் போட்டால் குழந்தை இருட்டறையில் இருக்கும்.

இந்த ஆண்டு நான் வீட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியாகத் திரும்பி வந்தேன். (இது உன் யானை.)

பாப்பா என்ன பேசுகிறாள் என்று கேட்டிருந்தாய். அவள் சத்தமே போடுவதில்லை. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது, ஆசிகளுக்கு நன்றி. நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.

பத்துக்குப் பத்து. மூன்றும் முத்து. இங்கே வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும் சாவி எடுத்துக்காட்டு மாதிரி ஒன்றை எந்த மாணவனும் எழுதமாட்டான். சங்கிலி கச்சிதம். யானைதான் எல்லாவற்றுக்கும் மேல். ஒரு தடவைகூட வெளியே போகாத பெண்ணுக்கும் அது உண்மையாக இருக்கும் அல்லவா, அதுதான் அதன் அழகு. இவற்றை வகுப்பில் எடுத்துச் சொல்லப் போகிறேன், அக்கா எழுதியது என்று பெருமையாகச் சொல்வேன்.

அவசரமாக முடிக்கிறேன், திருத்த ஒரு கட்டு தாள் கிடக்கிறது.
தம்பி

ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பிறகு கேட்கிறேன். முதலில் இதைப் படி. போனில் பேசினால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அக்கா அனுப்பிய எடுத்துக்காட்டுகளைத் தாள் திருத்தும் அறையில் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். என்னோடு திருத்தும் சீனியர் அதைப் படித்துவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இது யாரு எழுதினது? அவங்கள யாராவது போய்ப் பாத்தீங்களா?" என்றார். நான் வாதத்தின் வடிவத்தை விளக்க ஆரம்பித்தேன். "வடிவம் கிடக்கட்டும். என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரு தடவ படிங்க" என்றார்.

படித்தேன் அம்மா. முதல் தடவையாகப் படித்தேன். எல்லாச் சாவியும் அத்தானிடம் இருக்கிறது. அக்கா இந்த ஆண்டு வெளியே போகவே இல்லை. பாப்பா சத்தம் போட்டால் இருட்டறையில் போட்டுப் பூட்டுகிறார். அவள் இதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பினாள், நான் மதிப்பெண் போட்டு அனுப்பினேன். என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவளிடம் நேரடியாகக் கேட்க முடியாது. கடிதத்தை அத்தான்தான் முதலில் படிப்பார். அவருக்குத் தெரிந்தால் அவளையும் குழந்தையையும் என்ன செய்வாரோ என்று பயமாக இருக்கிறது. உன்னிடம் அவள் ஏதாவது சொன்னாளா? உடனே எழுது.
மகன்

ஏப்ரல் 20

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

கணக்கில் வரும் கதையை நிஜம் என்று நினைத்துக்கொண்டு நீயாக ஏன் பூதத்தைக் கிளப்புகிறாய்? போன மாதம் மாப்பிள்ளையே கூப்பிட்டு அவளிடம் போனைக் கொடுத்தார். "நல்லா இருக்கேம்மா" என்றாள். "கேட்டீங்களா அத்தை" என்று மாப்பிள்ளை பக்கத்திலிருந்து சிரித்தார். குடி உண்டா, சீட்டு உண்டா, கை நீட்டுகிறாரா? கொஞ்சம் கண்டிப்பான மனிதர், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு வாசப்படி. உன் அப்பா இருந்தபோது நான் மட்டும் நினைத்த இடத்துக்கெல்லாம் போனேனா?

நீ திடுதிப்பென்று போய் நின்று, அப்படி ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வாள்? ஆதாரம் இருந்தால் போ. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு படி. அவள் வாயிலிருந்தே ஒரு வார்த்தை வரட்டும், நானே உன்னோடு வருகிறேன்.

அன்றைக்கு அவள் குரல் கம்மியிருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரத்துக்குத் தூங்கு.
அம்மா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? பாப்பா நலமா? அத்தானுக்கு என் அன்பான வணக்கங்கள்.

இந்தத் தடவை உனக்கு ஒரு சின்னத் தேர்வு. ஐந்து கேள்விகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முதல் நான்கும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவதை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன், அதை நிதானமாகப் படி:

விடை தவறாக இருந்தால் ஆசிரியர் நேரில் வருவார். ஆசிரியர் நேரில் வரவில்லை. இவற்றிலிருந்து என்ன முடிவு கிடைக்கும்?

இதற்கு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. சரியாக எழுதினால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி. தவறாக எழுதினாலும் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், கேள்வியில் சொன்னதைச் சொன்னபடி செய்வார். அந்த முதல் முட்டைக்குப் பிறகு நீ இந்த மாதிரிக் கணக்கில் தவறியதே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

உன் விடைத்தாளை எதிர்பார்த்து,
தம்பி

மே 19

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். உன் நலமறிய விருப்பம்.

விடைகள்: ஒன்று, செல்லும். இரண்டு, செல்லாது. மூன்று, செல்லும். நான்கு, முரண்பாடு உள்ளது. ஐந்து, விடை தவறன்று.

வேறு செய்தி இல்லை.

இங்ஙனம்,
அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் நீடூழி வாழ்க. நான் இன்றைக்குப் பரம சௌக்கியம்.

ஐந்துக்கு ஐந்து. தபால் வந்ததும் ஐந்தாவது விடையைத்தான் முதலில் பார்த்தேன். விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் தேர்வு பயத்தில் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நாளாகக் கயிற்றைப் பாம்பு என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது நிம்மதி. அம்மாவுக்கும் எழுதிவிட்டேன்.

சீனியர் மட்டும் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு விடைய வச்சு இவ்ளோ நிம்மதியா?" என்கிறார். விதியை நான் வைத்தேன், அக்கா அதன்படி விடை சொன்னாள், முடிவு தானாக வருகிறது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆகவே ஆசிரியர் வரவில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு எல்லோரையும் பார்க்க ஒருநாள் வருகிறேன்.

மகிழ்ச்சியோடு,
தம்பி

ஜூன் 20

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இவ்விடம் யாவரும் நலம். தங்கள் உடல்நலமும் கல்வியும் சிறக்க வாழ்த்துகிறேன்.

உங்கள் சகோதரிக்கு வீட்டுவேலை இருப்பதால் இந்த முறை நான் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பும் பாடங்களை நானும் படித்து வருகிறேன். நல்ல துறை. பிழை எங்கே என்று காரணத்தோடு காட்ட முடிவது எனக்கு நிறைவளிக்கிறது. அவள் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் வீட்டிலிருந்து எடுத்தவையே. ஒழுங்கு உள்ள வீட்டில்தான் தர்க்கத்துக்கு வேண்டிய எடுத்துக்காட்டு கிடைக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

தாங்கள் ஐந்துக்கு ஐந்து வழங்கியிருந்தீர்கள். நேர்மையின் பொருட்டு ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். ஐந்தாவதற்கு அவள் எழுதிய விடை தவறு. 'முடிவு எதுவும் கிடைக்காது' என்று எழுதியிருந்தாள். நான்தான் திருத்தினேன். இவ்வளவு எளிய கணக்கில் எப்படித் தவறினாய் என்று பலமுறை கேட்டேன். நான் சொன்ன பிறகும் அதே தவறான விடையை இரண்டு தாள்களில் மறுபடி எழுதினாள். சரியாக எழுதும்வரை எழுதவைத்தேன். அதுவரை குழந்தையும் உள்ளறையில் பொறுமையாக இருந்தது. என் கையைக் கடந்து ஒரு பிழை வெளியே போனதில்லை, இனியும் போகாது.

மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளவும். அடுத்த அத்தியாயத்தை விரைவில் அனுப்பவும்.

தங்கள் நலம் நாடும்,
அத்தான்

ஜூலை 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

எங்கள் நலம் கேட்டு வக்கீலம்மா முகவரிக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். பாப்பாவுக்கு ஜலதோஷம், நேற்றிலிருந்து பரவாயில்லை.

கதவை உடைத்தது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் உடைக்கவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்த அன்றே தம்பி தேர்வை விட்டுவிட்டுக் கிளம்பினான். நீங்கள் அச்சகத்தில் இருந்த நேரத்தில் வக்கீலம்மாவையும் ஒரு பூட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தான். "உள்ள ஆள் இருக்கா?" என்று பூட்டுக்காரர் கேட்டார். நான் கதவுக்கு உள்பக்கம்தான் நின்றேன். பாப்பாதான் "இருக்கோம்" என்று கத்தினாள். கத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மா எங்களோடு இருக்கிறாள். அவளிடம் பேசி என்னை அனுப்பிவைக்கச் சொல்ல வேண்டாம். உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். தம்பி என்னிடம் சரியாகப் பேச வெட்கப்படுகிறான். மே மாதம் அவன் சிரித்து எழுதிய கடிதத்தை நீங்கள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினீர்களே, அன்றைக்குத்தான் நான் செத்துப்போனேன் என்று நினைத்தேன். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று எழுதியிருந்தீர்கள். 'உன் பயம் எனக்குத் தெரியும். பயந்தவள் எத்தனை நாள் தாங்குவாள்? ஆகவே நீ திரும்பி வருவாய்' என்று. மூன்று தடவை படித்தேன். முதல் பகுதி உண்மை. எனக்குப் பயமாக இருக்கிறது. தெருவில் யாராவது நின்றால் நீங்களோ என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். இந்த எழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான். இந்தப் பயம் போகும் என்றும் நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் பயந்தவள் திரும்பி வருவாள் என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்ட கூற்று. அதை நான் எங்கேயும் சொல்லவில்லை.

எனக்கு உங்களிடம் பயம். நான் திரும்பி வரமாட்டேன். இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. இவற்றுக்குள் முரண்பாடு எதுவும் இல்லை.

பாப்பாவின் அம்மா